மீட்சி என்னும் சொல்லாடல்: நகரத்தின் கணக்கும் சேரியின் கணக்கும்

(சென்னையில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



'கொரோனாவுக்குப் பிறகு சென்னையின் பொருளாதார மீட்சி' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். சென்னை என்று ஒன்று இருந்தது, விழுந்தது, பிறகு எழுந்தது என்று இந்தத் தலைப்பு சொல்லுது. விழும்போது எல்லாரும் ஒண்ணாவா விழுந்தோம்? எழும்போது எல்லாரும் ஒண்ணாவா எழுந்தோம்? இதைக் கேட்காமல் மீட்சியைப் பேசுவது, மேலே இருக்கிறவன் எழுதிய கணக்கைக் கீழே இருக்கிறவன் வாயால் படிக்க வைக்கிற காரியம்.

எழுந்ததே பொய் என்று நான் சொல்லல. 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் இந்தியப் பொருளாதாரம் ஏறத்தாழ 24 சதவீதம் சுருங்கிப்போனது. 2024-25 இல் தமிழ்நாட்டின் வளர்ச்சி 11.19 சதவீதம் என்று கணக்கு வந்தது. தி.நகர்ல தீபாவளிக்கு நடக்க இடமில்ல. மெட்ரோவுக்குத் தெருத்தெருவாத் தோண்டுறாங்க. சரி, எழுந்துட்டோம். எழுந்திருக்கக் கைமாத்துக் கொடுத்தது யார்? என் கேள்வி இதுதான்.

நான் வங்கியில் எழுத்தர். எங்கள் இடத்தில் 'ரெக்கவரி' என்றால் கொடுத்த கடனைத் திரும்ப வசூல் பண்ணுவது. நம் பெண்கள் 'மீட்கணும்' என்றால் அடகு வைத்த நகையை. பொருளாதார நிபுணர்களின் அர்த்தத்தைத் தள்ளி வைத்துவிட்டு, இந்த இரண்டு அர்த்தங்களை வைத்து நகரத்தைப் பார்ப்போம். நம் ஜனங்கள் அடகு வைத்தது மூன்று: நகை, வேலை, வீடு.

முதலில் நகை. 2020 மே மாதம் சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு 3 லட்சம் கோடி ரூபாய் அவசரக் கடன் திட்டம் வந்தது. கடன் வாங்கியவர் கட்டாவிட்டால் முழுத்தொகைக்கும் மத்திய அரசு உத்தரவாதம். அடுத்த மாதமே தெருவோர வியாபாரிகளுக்கு ஸ்வநிதி திட்டம் வந்தது: 10,000 ரூபாய். ஒரு வருடத்தில் தவணை தவறாமல் கட்டினால் அடுத்து 20,000 என்று இருந்தது. அதை வாங்கவும் வியாபாரி என்று மாநகராட்சி தந்த அட்டையோ பரிந்துரைக் கடிதமோ வேண்டும். கூடையைத் தலையில் சுமந்து கீரை விற்கிற அம்மாவிடம் என்ன அட்டை இருக்கும்? 2020 மே 5 அன்று கோயம்பேடு சந்தையை மூடித் திருமழிசைக்குக் கொண்டுபோனார்கள். செப்டம்பர் கடைசியில்தான் திரும்பத் திறந்தார்கள். அந்த மாதங்களில் அவர் போய் நின்றது தண்டல்காரனிடம். தண்டல்காரன் அட்டை கேட்க மாட்டான். பத்தாயிரம் என்று எழுதிப் பிடித்தம் போகக் கொடுப்பான். தினம் நூறாய் நூறு நாள் வாங்குவான்.

வங்கித் தவணையை 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தள்ளிப் போட்டார்கள். தவணையைத்தான் தள்ளினாங்க, வட்டியை நிறுத்தல. வட்டிக்கு வட்டி கூடாது என்று 2021 மார்ச்சில் உச்சநீதிமன்றம் சொன்னது. ஆனால் வட்டி வட்டியாகவே நின்றது. தண்டலுக்கோ ஒருநாள்கூடத் தள்ளுபடி கிடையாது.

2020 ஆகஸ்டில் இன்னொரு 'சலுகை' வந்தது. நகை மதிப்பில் 75 சதவீதம் வரை கடன் என்றிருந்ததை, 2021 மார்ச் வரைக்கும் 90 சதவீதமாக ரிசர்வ் வங்கி உயர்த்தியது. கூடுதலாகக் கையில் வரும், உண்மைதான். ஆனால் நூறு ரூபாய் நகைக்குத் தொண்ணூறு வாங்கினால் வட்டி ஏற ஏறக் கடன் நகையைத் தொட்டுவிடும். அடுத்தது ஏல நோட்டீஸ். அரிசிக்கும் மருந்துக்கும் வாடகைக்கும் கம்மலும் தாலிக்குண்டும் எங்கள் கவுண்டரைத் தாண்டி உள்ளே வந்தன. அப்படி வந்த பணம்தான் கடைத்தெருவில் சுற்றியது. பேரேட்டில் இதற்குப் பெயர் 'நகைக்கடன் வளர்ச்சி'.

இரண்டாவது வேலை. ஊரடங்கில் தெருவில் நின்றது யார்? துப்புரவுத் தொழிலாளிகள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தலித்துகள், பெண்கள். 'முன்களப் பணியாளர்' என்று பட்டம் கொடுத்தார்கள். பூத்தூவினார்கள், காலைக்கூடக் கழுவினார்கள். நோய் ஊரில் இருக்கும்போதே, 2020 அக்டோபரில், பல மண்டலங்களின் குப்பை அள்ளும் வேலையைத் தனியார் நிறுவனத்திடம் கொடுத்தார்கள். ஆட்சி மாறியது, போகிற திசை மாறவில்லை. 2025 இல் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களும் போயின.

அங்கே வேலை பார்த்தவர்கள் நகர்ப்புற வாழ்வாதாரத் திட்டத்தின்கீழ் சுயஉதவிக்குழு என்ற பெயரில் எடுக்கப்பட்டவர்கள். பத்து வருடத்துக்கு மேல் குப்பை அள்ளியும் காகிதத்தில் தொழிலாளி கிடையாது. மாதம் சுமார் 23,000 வாங்குகிற கூலி 17,000 அளவுக்கு இறங்கும் என்று அவர்கள் சொன்னார்கள். 2025 ஆகஸ்ட் 1 முதல் 13 நாள் ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்தார்கள். அப்புறப்படுத்தச் சொல்லி உயர்நீதிமன்றம் உத்தரவு போட்டது. 13ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் தூக்கிக்கொண்டு போனது. மறுநாள் அமைச்சரவை கூடிக் காலை உணவு உள்ளிட்ட நலத்திட்டங்களை அறிவித்தது. வேலையைக் கேட்டவளுக்குச் சோறு போடுகிறேன் என்பது பழைய பண்ணையார் பேச்சு.

24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்தால் நிரந்தரம் என்று 1981 இலேயே தொழில் நிறுவனங்களுக்குச் சட்டம் போட்ட மாநிலம் இது. அந்தச் சட்டத்தின் நியாயம் ரிப்பன் மாளிகை வாசற்படியில் மட்டும் ஏன் நின்றுவிடுகிறது? 1918 இல் மதராஸ் தொழிலாளர் சங்கத்தைக் கட்டியவர்களில் ஒருவரான திரு.வி.க.வின் பேரில் மண்டலம் இருக்கு, அவர் கேட்ட தொழிலாளர் உரிமை இல்ல. 1921 மில் வேலைநிறுத்தத்தின்போது சேரிக் குடிசைகள் எரிந்த புளியந்தோப்பும் அதே மண்டலத்தில்தான் இருக்கிறது. சாதியைப் பார்க்காத தொழிற்சங்கம் எங்கே போய் முடியும் என்பதற்கு அந்தச் சாம்பல் சாட்சி. நம்மோடு நிற்கிற தொழிற்சங்கத் தோழர்கள் அதை மறந்துவிடக் கூடாது.

மூன்றாவது வீடு. நகரம் எழும்போது ஆற்றங்கரை அழகாக வேண்டுமாம். இரண்டாம் அலை அடங்குவதற்குள், 2021 ஜூலையில், அரும்பாக்கம் ராதாகிருஷ்ணன் நகரில் கூவக்கரை வீடுகளை இடித்தார்கள். 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் இடித்தபோது, அங்கே குடியிருந்த ஒருவர் தன்மேல் தீ வைத்துக்கொண்டு செத்துப்போனார். இதற்கு முன்பே கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று ஊருக்கு வெளியே வாரிக் கொட்டிய குடும்பங்கள் ஆயிரக்கணக்கில். வீட்டு வேலைக்குப் போகிற பெண்ணுக்கு மைலாப்பூர் நடந்து போகிற தூரமாயிருந்தது. பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ். காலையில் கிளம்ப வேண்டிய நேரம், பிள்ளையைப் பார்க்க ஆளில்லாத நேரம், இதெல்லாம் எந்த உற்பத்திக் கணக்கில் வருகிறது?

2021 இல் ரேஷன் அட்டைக்கு 4,000 ரூபாய் கொடுத்தாங்களே, பெண்களுக்கு இலவச பஸ் விட்டாங்களே என்று கேட்பீர்கள். கொடுத்தார்கள். அது பசியை ஆற்றியது, இல்லையென்று சொன்னால் நன்றி கெட்ட பேச்சு. ஆனால் நிவாரணம் வேறு, உரிமை வேறு. நிவாரணம் கொடுக்கிற கையே நிரந்தர வேலையையும் இருந்த இடத்தையும் பிடுங்கும்போது நம் கையில் மிஞ்சுவது பயனாளி அட்டை மட்டும்தான்.

ஆக, இந்த நகரத்தின் மீட்சி ஒரு கடன். கொடுத்தவர்கள் சேரி ஜனங்கள். பத்திரம் இல்லாமல், வட்டி இல்லாமல் கொடுத்தார்கள். இனி நடக்க வேண்டியது எங்கள் வங்கி அர்த்தத்தில் ரெக்கவரி, வசூல். நிரந்தர வேலை முதல் தவணை. இருந்த இடத்திலேயே வீடு இரண்டாவது தவணை.

வசூலுக்குப் போகிறவனுக்குப் பேரேடு வேண்டும். மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். புளியந்தோப்புக்கும் பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் நோட்டோடு போங்கள். வீட்டுக்கு மூன்று கேள்வி போதும். 2020 இல் எதை அடகு வைத்தீர்கள், மீட்டீர்களா, ஏலத்தில் போனதா? அப்போது என்ன வேலை, இப்போது என்ன வேலை? வேலைக்குப் போக எத்தனை மைல்? சொல்கிறவர் பேச்சை அப்படியே எழுதுங்கள், திருத்தாதீர்கள். அடுத்த கூட்டத்தில் நான் பேச வேண்டாம். அந்த நோட்டுகளைப் படிப்போம்.

ஜெய்பீம்.