ஓடாத சாளரம்



செகந்தராபாத்தை அடுத்த சைனிக்புரி, பெயரிலேயே படைவீரர்களைத் தாங்கி நிற்கும் குடியிருப்பு. எங்கள் தெருவில், இராணுவத்தில் வண்டிகளைப் பழுது பார்க்கும் பிரிவில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்ற தஞ்சைப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவர் ஒரு வேனை வாங்கி, முறைப்படி அனுமதி பெற்று, உள்ளே இரண்டு படுக்கை, ஓர் எரிவாயு அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அமைத்து, அதனைச் சக்கரங்களின் மேல் ஒரு சிறு வீடாகவே மாற்றிவிட்டார். ஐதராபாத்துக்கு இது முற்றிலும் புதுமையன்று. 1982-ஆம் ஆண்டு என். டி. ராமராவ் பழைய செவர்லே வண்டி ஒன்றைத் திருத்தி, 'சைதன்ய ரதம்' எனப் பெயரிட்டு, ஆந்திரம் முழுவதும் அதில் சுற்றி வந்ததை இவ்வூர் மறக்கவில்லை. நம் பெரியவருடைய நோக்கம் அரசியலன்று. மனைவியாருடன் ஒருமுறை சொந்த ஊருக்கு நிதானமாகப் போய்வர வேண்டும் என்பதே.

வண்டி ஓராண்டுக் காலம் வாசலில் நின்றது. பிறகு பார்த்தால் பக்கவாட்டில் நகரும் சாளரங்கள் நகர மறுத்தன. கீல் கிறீச்சிட்டால் தேங்காய் எண்ணெய் விடுவது எங்கள் வீட்டு வழக்கம். அந்தத் துணிவில் நானே ஒரு கரண்டி எண்ணெயைத் தடத்தில் ஊற்றினேன். இரண்டு நாள் சாளரம் ஓடிற்று. மூன்றாம் வாரம், தெருவில் எழும் கட்டுமானப் புழுதியும் எண்ணெயும் சேர்ந்து சாந்தாக இறுகிவிட்டன. "தம்பி, நல்லெண்ணம் வேறு, நல்ல எண்ணெய் வேறு" என்றார் பெரியவர். கோபிக்கவில்லை.

விளையாட்டாகத் தோன்றிய இச்செய்தி ஒரு மழை மாலையில் வேறு முகம் காட்டிற்று. அம்மையார் வண்டிக்குள் கதவைச் சாத்திக்கொண்டு காப்பிக்கு நீர் வைத்திருந்தார். சிறிது நேரத்தில் தலை வலித்தது; கண் சுழன்றது. பெரியவர் கதவைத் திறந்து அவரை வெளியே கொணர்ந்து அமர்த்தினார். காற்றோட்டமற்ற இடத்தில் அடுப்பு எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு உண்டாகக்கூடும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. தலைவலியும் மயக்கமுமே அதன் அறிவிப்பு. உறக்கத்தில் அந்த அறிவிப்பும் கிடைக்காது. எரிவாயு கசிந்தாலோ, அது காற்றைவிடக் கனமானதாகையால் தரையோரம் தங்கும். அதற்குச் சாளரம் மட்டும் போதாது, தரையை ஒட்டியும் ஒரு காற்றுத்துளை வேண்டும்.

மறுநாள் காலையிலேயே வேலை தொடங்கினோம். காலை நேரம் என்பதற்குக் காரணம் உண்டு. வண்டியின் பின்புறச் சாளரங்கள் கண்ணாடியல்ல, அக்ரிலிக். அரை மீட்டர் உயரமுள்ள அக்ரிலிக் பலகை, 30 பாகை வெப்பம் கூடினால் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் விரியும்; அதனைத் தாங்கும் அலுமினியச் சட்டம் அதில் மூன்றில் ஒரு பங்குதான் விரியும். சித்திரை வெயிலில் 40 பாகையைத் தாண்டும் இவ்வூரில், நண்பகலில் இறுகும் சாளரம் விடியற்காலையில் இளகி நிற்பதில் வியப்பில்லை.

முதலில் பழைய பல்துலக்கியால் தடத்தைச் சுரண்டி, தூசி உறிஞ்சும் கருவியால் புழுதியை எடுத்தோம். என் எண்ணெய்ச் சாந்து மட்டும் அசையவில்லை. வெதுவெதுப்பான சோப்பு நீரை விட்டு, ஊறவிட்டு, துணி சுற்றிய மரக்குச்சியால் மும்முறை துடைத்தபின்பே வந்தது. பெட்ரோல் விட்டால் நொடியில் கரையுமே என்றேன். பெரியவர் கையைப் பிடித்து நிறுத்தினார். பெட்ரோலும் பெயிண்ட் தின்னரும் அக்ரிலிக்கில் மயிரிழை வெடிப்புகளை உண்டாக்கும். ரப்பரையும் ஊதச் செய்யும். தடத்தின் அடியில் மழைநீர் வடியச் சிறு துளைகள் உள்ளன. அவை அடைபட்டிருந்தமையால் நீர் தேங்கி, அலுமினியம் வெண்பொடியாகப் பூத்திருந்தது. மெல்லிய கம்பியால் துளைகளைத் திறந்தோம்.

தடம் நன்கு உலர்ந்தபின், சிலிக்கோன் தெளிப்பைத் துணியில் சிறிது நனைத்துத் தடத்தில் மட்டும் தடவினோம். இதனை அலுவலகத் தமிழில் 'மசகு' என்று எழுதுவேன். பொருளின் அருமை அன்றுதான் தெரிந்தது. இது காய்ந்து வழுவழுப்பாக நிற்கும். எண்ணெய் போலப் புழுதியைச் சேர்க்காது. ஊரில் கிடைக்காவிடில் மெழுகுவத்தியைத் தேய்த்தாலும் சில நாள் ஓடும்.

தள்ளுவதிலும் ஒரு முறை இருக்கிறது. மேற்புறம் பிடித்துத் தள்ளினால் பலகை சாய்ந்து தடத்தில் கடிக்கும். கீழ்ப்பகுதியில் உள்ளங்கையை வைத்து நேராகத் தள்ள வேண்டும். முன்புறத்தில் உள்ளது போன்ற கடினமாக்கிய கண்ணாடியானால் நெம்புகோல் இடுவதே கூடாது. ஓரத்தில் ஒரு கீறல் பட்டாலும் முழுதும் பொடியாகிவிடக்கூடும்.

நான்கு சாளரங்களில் மூன்று இப்போது ஒரு விரலுக்கு ஓடுகின்றன. நான்காவதன் ரப்பர்ப் பட்டை தேய்ந்து கிழிந்துவிட்டது; மாற்றுப் பட்டை வர வேண்டும். அது வரும்வரை அம்மையார் வண்டிக்குள் அடுப்பு மூட்டுவதில்லை. காப்பி எங்கள் வீட்டிலிருந்து போகிறது.