எதிர்பாரா நாளுக்கு ஓர் எழுத்து



கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்த செய்தியைப் புறநானூறு பயின்றோர் அனைவரும் அறிவர். பிசிராந்தையார் வருவார், அவருக்கு இடம் ஒழித்து வையுங்கள் என்று சூழ்ந்திருந்த சான்றோரிடம் மன்னன் முன்பே கூறினான். நண்பர் வந்தார்; இடம் இருந்தது. நட்பின் பெருமைக்காகவே இந்நிகழ்ச்சி பேசப்படுகிறது. இதில் மற்றொரு பாடமும் உண்டு. இறுதி நாளைப் பற்றிய விருப்பம், சொல்ல இயலும் காலத்திலேயே சொல்லப்பட்டது. ஆதலால் பிறர் அதை நிறைவேற்ற முடிந்தது.

இன்றைய இல்லங்களில் அச்சொல் பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. மூளையில் இரத்தக் கசிவோ சாலை விபத்தோ ஒரே நாளில் ஒருவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடத்திவிடுகிறது. நினைவு இல்லை, மூச்சு கருவியால் நடக்கிறது. மீள வழியில்லை என மருத்துவர் கூறும்போது மூத்த மகன் ஒன்று நினைக்கிறான். வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் பேசும் மகள் வேறொன்று நினைக்கிறாள். இதற்குச் சமயம் இடம் தராது என்கிறார் உறவில் மூத்தவர். கையெழுத்திட வேண்டிய தாளுடன் மனைவி நிற்கிறாள். நோய், சட்டம், சமயம் ஆகிய மூன்றும் ஒருசேர வந்து நெருக்கும் வேளை அது. எம்முடிவை எடுத்தாலும், தவறிழைத்துவிட்டோமோ என்னும் ஐயம் அவளை வாழ்நாள் முழுதும் வருத்தும்.

இச்சுமையைக் குறைக்கச் சட்டத்தில் வழி உண்டு. மும்பையில் 1973-இல் கொடுந்தாக்குதலுக்கு ஆளாகி, 2015-இல் இறக்கும்வரை மருத்துவமனையிலேயே கிடந்த செவிலியர் அருணா ஷான்பாக் பற்றிய வழக்கில், மீளா நிலையினர்க்கு உயிர்காப்புச் சிகிச்சையை விலக்கிக்கொள்வதை உச்சநீதிமன்றம் 2011-இல் வரையறைகளுடன் ஏற்றது. 2018 மார்ச் 9-ஆம் நாள் அளித்த தீர்ப்பில், மாண்புடன் இறத்தலும் அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று அறிவித்து, முன்கூட்டியே எழுதிவைக்கும் மருத்துவ விருப்ப ஆவணத்தையும் ஏற்றது. 'லிவிங் வில்' என்பது அதன் வழக்குப் பெயர். சொத்துக்கான உயில் இறந்தபின் செயற்படும். இதுவோ உயிருடன் இருந்தும் முடிவெடுக்க இயலாத நிலையில் செயற்படும்.

நீதித்துறை நடுவர் முன்னிலையில் கையொப்பமிட வேண்டும் என முதலில் இருந்த விதி பலர்க்கும் தடையாயிற்று. 2023 ஜனவரியில் அவ்விதி எளிதாக்கப்பட்டது. வயது நிரம்பிய, தெளிந்த மனநிலையுடைய எவரும் தம் விருப்பப்படி இதனை எழுதலாம். எந்த நிலையில் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்பதை ஐயமின்றிக் குறிக்க வேண்டும். தமக்காக முடிவெடுக்க உரிய ஒருவரையோ பலரையோ பெயர் சுட்ட வேண்டும். இரு சாட்சிகள் முன் கையொப்பமிட்டு, நோட்டரியிடமோ அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலரிடமோ சான்று பெற வேண்டும். பெயர் சுட்டப்பட்டோர்க்கும் குடும்ப மருத்துவருக்கும் படிகள் தர வேண்டும். மனம் மாறினால் எழுத்து வாயிலாக எப்போதும் திரும்பப் பெறலாம்.

ஆவணம் இருப்பதனாலேயே கருவி உடனே நிறுத்தப்படுவதில்லை. நோய் தீராதது என்று இரண்டு மருத்துவக் குழுக்கள் அடுத்தடுத்து ஆராய்ந்து கூற வேண்டும். பெயர் சுட்டப்பட்டோரின் இசைவும் வேண்டும். வலி தணிக்கும் மருத்துவம் தொடரும். மருந்து செலுத்தி உயிரைப் போக்குவது இன்றும் குற்றமே.

இனிச் சமயம். செயற்கைச் சுவாசம் போன்ற அசாதாரண வழிகளை எந்நிலையிலும் தொடர்ந்தாக வேண்டும் என்னும் கடமை இல்லை என்று போப் பன்னிரண்டாம் பயஸ் 1957-இலேயே மருத்துவர்களிடம் கூறினார். செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர் குன்றில், 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சமண ஆசிரியர் சந்திரநந்தியின் கல்வெட்டு உள்ளது. அதே நோன்பைச் 'சந்தாரா' என்னும் பெயரில் 2015 ஆகஸ்டில் இராஜஸ்தான் உயர்நீதிமன்றம் குற்றமென்றது. அத்தீர்ப்பை உச்சநீதிமன்றம் அம்மாதமே நிறுத்திவைத்தது. நோன்பு வேறு, சிகிச்சை மறுத்தல் வேறு. ஆயினும் இறுதி நாளைப் பற்றிச் சமயங்கள் பலவாறு சிந்தித்துள்ளன என்பதற்கு இவை சான்று. "சமயம் இடம் தராது" என்று மருத்துவமனை வாயிலில் ஒருவர் சொல்லும் ஒற்றை வாக்கியத்தில் அச்சிந்தனை முழுதும் அடங்கிவிடாது.

ஆகவே குருக்களோ, பாதிரியாரோ, இமாமோ, தாம் மதிக்கும் பெரியவரிடம் உடல் நலமாக உள்ளபோதே கேட்டுத் தெளிய வேண்டும். அவர் கருத்துக்கு இவ்வாவணத்தை மாற்றும் சட்ட வலிமை இல்லை. எனினும் இல்லத்தாரின் மனத்தில் அதற்குப் பெருவலிமை உண்டு. குருதி ஏற்றல், கண் கொடை, ஈமச்சடங்கு ஆகியவை பற்றிய விருப்பத்தையும் தனியே எழுதிப் பிள்ளைகள் அனைவரையும் ஒருங்கு கூட்டிப் படித்துக் காட்டுவது நன்று. ஒருவரிடம் மட்டும் சொன்னது, மற்றவர்க்கு அவருடைய சொந்தக் கருத்தாகவே தோன்றும்.

இரும்புப் பெட்டியில் பூட்டிய ஆவணம் நள்ளிரவில் உதவாது. அது இருக்குமிடம் இல்லத்தில் இருவர்க்கேனும் தெரிந்திருத்தல் வேண்டும். சாவைப் பற்றிப் பேசுவது அமங்கலம் என்று ஒதுக்கும் வீட்டில், பேசாத அப்பேச்சின் சுமை முழுதும் ஒருநாள் ஒருவர் தலைமேல் இறங்கும். பெரும்பாலும் அவர், நோயாளியை மிக நேசித்தவராகவே இருப்பார். அவர்பொருட்டேனும் அந்தப் பேச்சு தொடங்கப்படட்டும்.