பழைய காஸ் அடுப்பு வாங்கப் போகிறவர்களுக்கு
(பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில் பெற்றோருக்குப் பேசியது)



விறகு பொறுக்கி வந்து அடுப்பு மூட்ட நேரமில்லாமல் லயத்திலே பலரும் காஸ் அடுப்புக்கு மாறிவிட்டோம். புதுசு வாங்கக் கட்டாது, டவுனில் பழைய அடுப்பைத்தான் தேடுகிறோம். அதில் ஒன்றும் குறைவில்லை. பார்த்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

2021 கடைசியில் நாடெங்கும் காஸ் வெடித்தது ஞாபகமிருக்கும். சிலிண்டரில் வாயுக் கலவை மாறியதே முக்கிய காரணம் என்று ஆராய்ந்த குழு சொன்னது. கலவை மாறி அமுக்கம் கூடினால், நைந்த பைப்பும் தளர்ந்த மூட்டும்தான் முதலில் கசியும்.

ஆகவே அடுப்போடு பழைய ஹோஸ் பைப்பைச் சும்மா தந்தாலும் வேண்டாம். பைப், கிளிப், ரெகுலேட்டர் மூன்றையும் புதிதாக எடுங்கள். ரெகுலேட்டர் உங்கள் சிலிண்டர் வாய்க்குப் பொருந்த வேண்டும்.

அடுப்பைக் கவிழ்த்துப் பாருங்கள். மேலே பளபளவென்று துடைத்து வைப்பார்கள், அடியிலேதான் கறள் தெரியும். காஸ் போகிற குழாயில் கறள் தின்றிருந்தால் விலை பேசவே வேண்டாம். திருகுகட்டை லேசாகச் சுற்றினால் எடுக்காதீர்கள். கொஞ்சம் அமத்தித் திருப்பினால்தான் திறக்க வேண்டும்.

கடையிலேயே பற்றவைக்கச் சொல்லுங்கள். "வீட்டில கொண்டுபோய்ப் பாருங்க" என்றால் வந்த வழியே திரும்புங்கள். சுவாலை நீலமாக, வளையம் முழுக்க ஒரே மாதிரி எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்து சட்டியில் கரி பிடித்தால், பர்னர் அடைத்திருக்கலாம், அல்லது வெளிநாட்டில் குழாய் காஸுக்குச் செய்த அடுப்பாக இருக்கலாம். அதன் துவாரம் பெரிது, நம் சிலிண்டருக்குச் சரிவராது. வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் கொண்டு வந்ததென்றாலும் இதைக் கேளுங்கள்.

வீட்டில் பூட்டியதும் சவர்க்கார நுரையை மூட்டுகளில் தடவி, சிலிண்டரைத் திறந்து பாருங்கள். முட்டை விட்டால் கசிவு. நெருப்புக்குச்சி கொளுத்திப் பார்க்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களைக் கிட்டவே விடாதீர்கள்!

இந்தக் காஸ் காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும். நம்ம காம்பராவில் பாயும் பிள்ளையும் தரையில்தானே. சிலிண்டரை நிமிர்த்தியே வையுங்கள், விறகடுப்புக்குப் பக்கத்தில் வேண்டாம். மணம் வந்தால் லைட் சுவிட்சைத் தொடாமல் சிலிண்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, பிள்ளைகளோடு வெளியே வாருங்கள். பக்கத்துக் காம்பராவுக்கும் குரல் கொடுங்கள், லயத்தில் ஒரு சுவர்தானே நடுவில்.