காற்றுத் திரைக்கு அப்பால்

காஞ்சிபுரத்தை அடுத்த கூரம் என் ஊர். கூரத்தாழ்வார் பிறந்த ஊர். கோடை இரவுகளில் வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுத்திருப்போம். விண்மீன்கள் கண் சிமிட்டும். வியாழன் மட்டும் அசையாது நிற்கும். ஏன் என்று கேட்டால், "அது கோள், இது மீன்" என்பார் பாட்டனார். விடை சரிதான், காரணம் அதில் இல்லை.

உண்மையில் விண்மீன் சிமிட்டுவதே இல்லை. வெயிலில் காய்ந்த சாலைக்கு அப்பால் வரும் வண்டி நெளிவதைப் பார்த்திருப்பீர்கள். தலைக்கு மேலே சூடும் குளிர்ச்சியுமாகப் புரளும் காற்று செய்யும் வேலையும் அதுவே. வியாழன் சிறு வட்டாகத் தோன்றுவதால் அதன் பல பகுதிகளின் நெளிவுகள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். விண்மீனோ ஒரே புள்ளி.

கண்ணுக்கு இது அழகு. வான நூலாருக்குத் தொல்லை. ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில் 2.34 மீட்டர் விட்டமுள்ள ஆடியைக் கொண்ட தொலைநோக்கி இருக்கிறது. அதற்காக உழைத்த வைணு பாப்பு 1982-இல் மறைந்தார். 1986-இல் அது அவர் பெயரைப் பெற்றது. மங்கிய ஒளியையும் அது நிறையச் சேர்த்துத் தரும். ஆனால் கூர்மை? காற்று இல்லையேல், ஒரு பாகையை அறுபதினாயிரம் கூறாக்கினால் அதில் ஒரு கூறளவே விலகிய இரு மீன்களையும் பிரித்துக் காட்டும். காற்று இருப்பதால், கூர்மையில் சில அங்குலச் சிறு கருவியையே அது ஒத்துவிடுகிறது.

பரிகாரத்தை 1953-இல் ஹோரஸ் பாப்காக் என்ற அமெரிக்கர் கூறினார். காற்று ஒளியைக் கோணலாக்குவதற்கு நேர் எதிராக ஆடியையும் கோணலாக்கினால் இரண்டும் கழிந்துபோகும் அல்லவா? நொடிக்குப் பல நூறு முறை அது வளைய வேண்டும். அன்றைய கருவிகளால் ஆகவில்லை. இன்று, ஒளி செல்லும் வழியில் மெல்லிய சிற்றாடி ஒன்றை வைத்து, அதன் முதுகில் பொருத்திய நுண்ணிய தள்ளுகோல்களால், கணிப்பொறியின் ஆணைப்படி வளைக்கின்றனர்.

கோணலை அளக்கப் பக்கத்திலேயே ஒளிமிக்க மீன் ஒன்று வேண்டும். எல்லாத் திசையிலும் கிடைக்குமா? கிடைக்காத இடத்தில் தாமே ஒன்றைப் படைத்துக்கொள்கிறார்கள்! லேசர் கதிரை மேலே செலுத்தினால், ஏறத்தாழ 90 கிலோமீட்டர் உயரத்தில், எரிகற்கள் விட்டுச்சென்ற சோடியம் அணுக்கள் மஞ்சளாய் ஒளிரும். அதுவே செயற்கை மீன்.

புணே வானியல் மையத்தார் அமெரிக்கக் கால்டெக் கழகத்தாருடன் கூடி எளிய வழியொன்றைக் கண்டனர். அவர்களது லேசர் கண்ணுக்குப் புலனாகாத புற ஊதாக் கதிர். சில கிலோமீட்டர் உயரத்துக் காற்றிலேயே சிதறித் திரும்புவது. 2012-இல் பாலோமார் மலையின் 1.5 மீட்டர் தொலைநோக்கியில் அக்கருவி தானே இயங்கி, ஓர் இரவில் நூற்றுக்கு மேற்பட்ட மீன்களை ஆராய்ந்தது. நம் நாட்டுத் தொலைநோக்கிகளும் பெரும்பாலும் அந்த அளவினவே. பத்து மீட்டர் ஆடிக்கு வழியில்லாதார்க்கு இஃது எத்துணை ஆறுதல்!