சிறுகுடலில் தோன்றும் ஓர் அரிய புற்று

(செம்பவாங் குடியிருப்புப் பேட்டை மக்களிடையே ஆற்றிய உரை)



வயிற்றில் வலி என்றதும் "காற்றுதான்" என்று சொல்லிவிடுவது நம்மவர் வழக்கம். ஓமநீர் குடிப்போம், பெருங்காயத்தை மோரில் கலக்குவோம், கோடாலித் தைலத்தைத் தொப்புளைச் சுற்றித் தேய்ப்போம். பெரும்பாலும் வலி தீர்ந்தும்விடும். தீராமல் நீடிக்கும் வலிகளுள் மிக அரிதான ஒன்றைப் பற்றியே இன்று பேச வந்துள்ளேன். அரிதான நோய்க்கு ஓர் உரை எதற்கு என்று கேட்பீர்கள். இந்நோயின் இயல்பை உலகிற்கு எடுத்துக்காட்டிய ஆய்வுகளில் நம் சிங்கப்பூர் மருத்துவர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. அதனினும் முதன்மையான காரணம், இதன் தொடக்க அறிகுறிகள் யாவும் நாம் அன்றாடம் அலட்சியம் செய்பவை என்பதாகும்.

வளர்ந்த மனிதரின் சிறுகுடல் ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுடையது. உணவுப் பாதையின் நீளத்தில் முக்கால் பங்கு அதுவே. ஆயினும் அப்பாதையில் தோன்றும் புற்றுநோய்களுள் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவானவையே சிறுகுடலில் தோன்றுகின்றன. அந்தச் சிலவற்றிலும் பல இனங்கள் உண்டு. நாம் பேசப்போவது, நோய் எதிர்ப்பு அணுக்களில் எழும் 'லிம்ஃபோமா' என்னும் இனத்தின் ஒரு பிரிவு.

குடலின் உட்சுவரை மெல்லிய மேலணி ஒன்று போர்த்தியிருக்கிறது. உணவோடு உள்ளே நுழையும் கிருமிகளைத் தடுக்க, அம்மேலணிக்குள் 'டி அணுக்கள்' எனப்படும் காவல் அணுக்கள் நிறுத்தப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று மரபணுக் கோளாற்றால் கட்டுப்பாடிழந்து பெருகத் தொடங்கினால் என்னவாகும்? வேலியே பயிரை மேய்ந்த கதைதான். நுண்ணோக்கியில் இவ்வணுக்கள் அச்சில் வார்த்தாற்போல ஒரே உருவில் தெரிகின்றன. மேலணியை நாடிச் சென்று மொய்க்கின்றன. ஆகவே, உலகச் சுகாதார நிறுவனம் 2016ஆம் ஆண்டில் தன் வகைப்பாட்டைத் திருத்தியபோது, 'ஒற்றை உருவ, மேலணி நாடும் குடல் டி அணு லிம்ஃபோமா' என இதற்குப் பெயரிட்டது. பெயர் நீளந்தான், ஆனால் நோயின் இயல்பு முழுவதும் அதில் அடங்கிவிட்டது.

அதற்குமுன் இது ஒரு நோயின் 'இரண்டாம் வகை' என்றே அழைக்கப்பட்டது. முதலாம் வகை வட ஐரோப்பியரிடையே காணப்படுவது. கோதுமையில் உள்ள 'குளூட்டன்' ஒவ்வாத சீலியாக் நோயோடு தொடர்புடையது. ஆசியாவில் பெரும்பாலும் காணப்படும் இரண்டாம் வகைக்கு அத்தகைய தொடர்பு இல்லை. சப்பாத்தி உண்பதால் இது வருமோ என்று எவரும் அஞ்ச வேண்டியதில்லை. மருத்துவர்கள் தான் சூ யோங், லிம் சூன் தை ஆகியோர் பிறநாட்டு நிபுணர்களுடன் சேர்ந்து 2013இல் வெளியிட்ட ஆய்வு, இது தனித்தன்மை வாய்ந்த நோய் என்பதை உறுதிப்படுத்த உதவியது. இந்நோயில் பழுதுபடும் மரபணுக்களைப் பற்றிய சிங்கப்பூர் ஆய்வொன்று 2016இல் வெளிவந்தது.

இனி அறிகுறிகளுக்கு வருவோம். வாரக்கணக்கில் விட்டுவிட்டு வரும் வயிற்றுவலி, காரணமின்றிக் குறையும் எடை, நிற்காத வயிற்றுப்போக்கு, வாந்தி ஆகியவை முக்கியமானவை. பெரும்பாலும் ஐம்பது, அறுபது வயதினரிடம் தோன்றுகிறது. பெண்களைவிட ஆண்களுக்கே மிகுதி. சிலருக்குக் குடல் அடைபடும், சிலருக்குத் துளைபட்டுவிடும். திடீரெனப் பொறுக்கமுடியாத வலி எழுந்து, வயிறு பலகைபோல் இறுகினால், தைலத்தைத் தேடாதீர்கள். உடனே 995ஐ அழையுங்கள்.

ஐம்பது வயதைக் கடந்தோர் மலப் பரிசோதனை செய்துகொள்கிறீர்கள். மிக நல்லது, விடாமல் செய்யுங்கள். ஆனால் அது பெருங்குடலுக்கான சோதனை. அதில் குறையில்லை என்று வந்ததைக் காட்டி, நீடிக்கும் வலியையும் மெலிவையும் ஒதுக்கிவிடக் கூடாது. வாய்வழியாகச் செலுத்தும் வழக்கமான உள்நோக்கி சிறுகுடலின் தொடக்கத்தையே எட்டும். ஆசனவாய் வழியாகச் செலுத்துவது அதன் கடைசிப் பகுதியை மட்டும் எட்டும். இடைப்பட்ட நெடும்பகுதிக்கு 'சி.டி. ஸ்கேன்' படமோ, விழுங்கத்தக்க குளிகைக் கேமராவோ தேவைப்படும். திசுவை எடுத்து ஆராய்ந்த பின்னரே நோய் இன்னதென்று உறுதியாகும். துளைபட்ட குடலுக்கு அறுவை செய்தபோதுதான் நோயே தெரியவந்தோர் பலர்.

இதன் போக்கை மறைக்காமல் சொல்ல வேண்டும். இது கடுமையான நோய். ஆசிய மருத்துவர்கள் 38 நோயாளிகளைப் பற்றி 2012இல் வெளியிட்ட ஆய்வில், உயிர்வாழ்ந்த காலத்தின் இடைநிலை அளவு ஏறத்தாழ 7 மாதங்கள். இந்த 'இடைநிலை' என்ற சொல்லைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். வகுப்புப் பிள்ளைகளை உயர வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்பவரின் உயரத்தை அளப்பது போன்றது அது. பாதிப்பேர் அதற்குக் குறைவாகவும் பாதிப்பேர் கூடுதலாகவும் வாழ்ந்தனர் என்பதே பொருள். உங்கள் உறவினருக்கு விதித்த கெடு அன்று. அறுவைக்குப் பின் மருந்துச் சிகிச்சைக்கு நோய் அடங்கி, தம்முடைய மூல அணுக்களையே மீண்டும் ஏற்றிக்கொள்ளும் சிகிச்சையையும் தாங்கியோருள் சிலர் பல ஆண்டுகள் வாழ்ந்துள்ளனர். தாங்குவதற்கு உடலில் வலு வேண்டும். எலும்பும் தோலுமாக மெலிந்தபின் செல்பவருக்கு அவ்வாய்ப்பு அரிது. முன்னதாகச் சென்றால் குணம் நிச்சயம் என்று நான் உறுதி கூறவில்லை. வாய்ப்பைக் கைநழுவ விடவேண்டாம் என்கிறேன்.

நம் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. "அப்பாவுக்குச் சொல்லாதீர்கள், மனம் ஒடிந்துவிடுவார்" என்று பிள்ளைகள் மருத்துவரிடம் வேண்டுவார்கள். அன்பினால் செய்வதுதான், ஆயினும் எனக்கு இதில் உடன்பாடில்லை. சிகிச்சையைத் தொடர்வதா, எவ்வளவு தூரம் தொடர்வது, யாரைப் பார்க்க வேண்டும், ஊருக்கு ஒருமுறை போய்வருவதா என்பவற்றை முடிவு செய்யும் உரிமை அவருடையது. நாள் குறைவாக இருக்கக்கூடிய நோயில் அவ்வுரிமை இன்னும் பெரிது.

வலி நீடிப்போர் முதலில் குடும்ப மருத்துவரையோ பலதுறை மருந்தகத்தையோ நாடுங்கள். எத்தனை வாரமாக வலி, எத்தனை கிலோ குறைந்தது என்று ஒரு தாளில் குறித்துச் செல்லுங்கள். சாப்பிட்ட மருந்துகளின் உறைகளையும் கொண்டுசெல்லுங்கள். நோய் முற்றிய நிலையில் வீட்டிலேயே இருக்க விரும்புவோருக்கு, சிங்கப்பூர்ப் புற்றுநோய்ச் சங்கத்தின் தாதியர் வீட்டிற்கே வந்து வலிதணிப்புப் பராமரிப்பு அளிக்கின்றனர்.