விடுபட்ட எண்

(சவ்வாது மலையடிவாரத்தில் மாணவரிடை ஆற்றிய உரை)



இச் சவ்வாது மலைமேல் உள்ள காவலூர் வானோக்ககத்தினின்று 1988 பிப்பிரவரி 17ஆம் பக்கல் ஒரு சிறுகோள் கண்டுபிடிக்கப்பெற்றது. கண்டவர் ஆர். இராசமோகன். அதற்கு 4130 என்னும் எண்ணும் இராமானுசன் என்னும் பெயரும் வழங்கின. ஈரோட்டிற் பிறந்து குடந்தையில் வளர்ந்த கணக்கறிஞரின் பெயர் அது. அவர் செய்ததென்ன என்று வினவினால் 1729 என்பர். அதற்குமேல் வாய் திறவார். அவர் கையாண்ட வேறொரு பேரெண்ணைக் கேளுங்கள்: 6746328388800.

ஓர் எண்ணை மீதியின்றி வகுப்பவை அதன் வகுத்திகள். 12க்கு 1, 2, 3, 4, 6, 12 என ஆறு உண்டு. அதனிற் சிறிய எவ்வெண்ணுக்கும் ஆறு இல்லை. இங்ஙனம் தன்னிற் சிறிய எண்கள் அனைத்தையும் வகுத்தித் தொகையால் வெல்லும் எண்ணை மீப்பகு எண் எனலாம். 24, 60, 360 யாவும் இவ்வினமே. நாளை 60 நாழிகையாகப் பகுத்த நம் முன்னோர்க்கு அரையும் காலும் மூன்றிலொன்றும் பின்னமின்றி அமைந்தன.

இவ்வெண்களின் இயல்பை ஆராய்ந்து இராமானுசன் 1915இல் இலண்டனில் வெளியிட்ட கட்டுரைக்காகவே கேம்பிரிட்சு பல்கலைக்கழகம் 1916இல் அவருக்குப் பட்டம் அளித்தது. (அக்கட்டுரையில் அன்று அச்சேறாத பகுதி 1997இல்தான் வெளிவந்தது!) அதிலுள்ள பட்டியலில் 102 எண்கள், இறுதியெண்ணே மேலே சொன்னது. அதனைப் பகா எண்களாகப் பிரித்தால் 2 ஆறுமுறை, 3 நான்குமுறை, 5உம் 7உம் இருமுறை, 11, 13, 17, 19, 23 ஒவ்வொருமுறை வரும். ஒவ்வோர் அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்குக: 7×5×3×3×2×2×2×2×2. வகுத்திகள் 10080!

அடுக்குகள் ஓரிடத்தும் ஏறவில்லை என்பதை நோக்குக. ஏறினால் என்னாகும்? 12 என்பது 2×2×3. 18 என்பது 2×3×3. இரண்டிற்கும் வகுத்திகள் ஆறே. பெரிய பகா எண்ணுக்கு மிகுதியாகக் கொடுத்த 18 வீணே பெருத்தது, தோற்றது. எத்துணைப் பெரிய மீப்பகு எண்ணாயினும் இவ்விதிக்குத் தப்பாது.

இனி, பலர் சொல்லத் தயங்கும் செய்தி. அப்பட்டியலில் ஓரெண் விடுபட்டுள்ளது: 293318625600. இதற்கு வகுத்திகள் 5040. இதனை 23ஆற் பெருக்கினால் பட்டியலின் இறுதியெண்ணே வருகின்றது! கணிப்பொறியின்றி, கையாற் போட்ட கணக்கில் நேர்ந்த விடுபாடு அது. சொன்னால் புகழ் குன்றும் என்று அஞ்சுவார் அவரைக் கும்பிடுவாரேயன்றிக் கற்பார் அல்லர். அவர் நிறுவிய விதிகளில் ஒன்றும் இதனால் அசையவில்லை.

மாணவர்களே, பெருக்கிச் சரிபாருங்கள். சிறுகோளின் எண்ணையும் விட்டுவிடாதீர்கள். 4130 என்பது 2×5×7×59. அதற்கு வகுத்திகள் 16 மட்டுமே. அதனிற் சிறிய 2520க்கோ 48!