வயசு ஒண்ணு, வாய்க்கால் வேற

(மயிலாடும்பாறையில் நடந்த கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



என்னைச் சேமிப்பைப் பத்திப் பேசச் சொன்னாங்க. சேமிப்பைப் பத்தி உங்களுக்கு நான் புதுசா என்ன சொல்லப் போறேன்? கடுகு டப்பாவுல காசு போட்டு வச்ச கை நம்ம கை. அதனால சேமிப்பை விட்டுட்டு, அந்தச் சேமிப்பைச் சத்தமில்லாமத் தின்னுட்டுப் போற ஒரு நெனப்பைப் பத்திச் சொல்றேன். "அவளுக்கும் என் வயசுதானே, அவ எங்க இருக்கா, நான் எங்க இருக்கேன்?" இதுதான் அந்த நெனப்பு. இது வராத பொம்பளை இந்தப் பந்தல்ல யாராவது இருந்தா கையைத் தூக்குங்க பாப்போம்.

யாரும் தூக்கல. நானும் தூக்க மாட்டேன். இந்த நெனப்பால நான் பட்ட பாட்டைத்தான் இன்னைக்கு உங்க முன்னாடி சொல்லப் போறேன்.

எங்க தெருவுல எனக்கு ஒரு மதினி இருக்கா. ரெண்டு பேருக்கும் ஒரே வயசு. ஒரே வருஷம் வாக்கப்பட்டு இந்த ஊருக்கு வந்தோம். இலவங்காய் உடைக்க ஒண்ணாப் போவோம். குழுவுலயும் ஒண்ணாத்தான் சேந்தோம். ஆறு வருஷத்துக்கு முன்னாடி அவ பேரனுக்குக் காதுகுத்து வச்சா. மண்டபம், மேளம், நாலு கிடா, ரோட்டுல இருந்து மண்டபம் வரைக்கும் பேனர். பந்தியில உக்காந்திருக்கேன், சோறு எறங்கல. எனக்கு அப்ப 46 வயசு. "46 வயசுல இவ இப்படிச் செய்யறா, நான் என்னத்தைச் செஞ்சு கிழிச்சேன்"னு ஒரே புழுக்கம்.

நாலாம் மாசம் என் பேத்திக்குக் காதுகுத்து. அதே மண்டபம். அவ நாலு கிடான்னா நான் அஞ்சு. செலவு 2,10,000 ரூபாய். மாடு வாங்கப் போறேன்னு பொய் சொல்லிக் குழுவுல 50,000 வாங்கினேன். வாராவாரம் வசூலுக்கு வர்ற ஒரு கம்பெனியில 60,000. நகையை அடகு வச்சு 35,000. மிச்சம் 65,000 பந்தல்காரருக்கும் மளிகைக்கும் கிடாக்காரருக்கும் கடன். மொய் வந்தது 78,000. கடைக்கடனை அடைச்சது போக என் கையில நின்னது 13,000 ரூபாய். அந்த மொய்யும் சும்மா வந்ததா? எழுதி வச்ச நோட்டைப் பாத்து ஒவ்வொண்ணாத் திருப்பிச் செய்யணும்.

அப்புறம் வாரம் 1,400 ரூபாய் கட்டணும். ஆத்துல தண்ணியில்ல, தோட்டத்துல வேலையில்ல. குழுக் கூட்டத்துக்கு ரெண்டு தடவை போகல. மூணாவது தடவை பிரதிநிதி வீட்டுக்கே வந்துட்டா. "மாடு எங்கக்கா?"ன்னு கேட்டா. கொட்டம் காலியாக் கெடக்கு. நான் என்ன சொல்ல? உக்காந்து அழுதேன்.

அடுத்த கூட்டத்துல எல்லாத்தையும் சொன்னேன். வைவாங்கன்னு நெனச்சேன், ரெண்டு பேர் வையவும் செஞ்சாங்க. அது நியாயம்தான். பொதுப் பணத்தைப் பொய் சொல்லி வாங்கியிருக்கேன். ஆனா அப்பத்தான் நான் நெனைக்காத ஒண்ணு நடந்துச்சு. என் மதினி எந்திரிச்சா. "ஏத்தா, நான் மட்டும் என்ன வச்சுக்கிட்டா செஞ்சேன்? தென்னந்தோப்பை ஒத்திக்கு விட்டுட்டுல்ல செஞ்சேன்"னா. ஏன் மதினின்னு கேட்டேன். "உன் மகன் பாலிடெக்னிக் படிக்கிறான், என் மகன் ஒம்பதாவதோட நின்னுட்டான். நீ ஒசந்துட்ட, நான் எதுலயாவது ஒசந்து காட்ட வேண்டாமா?"ன்னா.

அவ என்னைப் பாத்து ஒத்திக்கு விட்டிருக்கா. நான் அவளைப் பாத்துக் கடன் வாங்கியிருக்கேன். அன்னைக்கு நாங்க சிரிச்சோமா அழுதோமான்னு எங்களுக்கே தெரியாது.

அடுத்த வருஷம் குழுக்கள்ல இருந்து ஒரு வேன் பிடிச்சு லோயர்கேம்ப் போனோம். பென்னிகுவிக் ஐயா மணிமண்டபத்தைப் பாத்தோம். கம்பம், கூடலூர்ப் பக்கம் அவருக்குப் பொங்கல் வைக்கிறாங்க, வீட்டுல படம் மாட்டியிருக்காங்க, பிள்ளைகளுக்கு அவர் பேரை வைக்கிறாங்க. நமக்கெல்லாம் தெரிஞ்சதுதான். அவர் பொறந்தது 1841. பெரியாறு அணை வேலை தொடங்கினது 1887. எனக்குத்தான் கணக்குப் போடற புத்தி வந்துருச்சே, கழிச்சுப் பாத்தேன். 46! அந்த வயசுல அவர் அணை கட்ட ஆரம்பிச்சார், நான் கடன் கட்ட ஆரம்பிச்சேன்.

கூட வந்த தங்கச்சி ஒருத்தி, பி.ஏ. படிச்சவ, "அக்கா, கணக்கைப் பாதியில நிறுத்தாதீங்க"ன்னா. அவ சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்றேன். மேற்கே ஓடற பெரியாத்துத் தண்ணியைக் கிழக்கே திருப்பணும்ங்கிற யோசனை பென்னிகுவிக்குக்கு ரொம்ப முன்னாடியே வந்தது. ராமநாதபுரம் சமஸ்தானத்துல பிரதானியா இருந்த முத்திருளப்ப பிள்ளை 1789-லயே அதுக்கு முயற்சி பண்ணார். பணம் இல்லாம நின்னுபோச்சு. வெள்ளைக்காரங்களே இது ஆகாத காரியம்னு ஒரு தடவை ஒதுக்கி வச்சாங்க. பென்னிகுவிக் கட்ட ஆரம்பிச்சப்பவும் வெள்ளம் வந்து கட்டினதை அடிச்சுட்டுப் போச்சு. காய்ச்சல்லயும் காலராவுலயும் கூலி ஆளுங்க நூத்துக்கணக்குல செத்தாங்க. 1895-ல தண்ணி வந்துச்சு, அப்ப அவருக்கு 54 வயசு. முதல் யோசனையில இருந்து எண்ணினா நூறு வருஷத்துக்கு மேல. கல்லுச் சொமந்து செத்தவங்களுக்கு என்ன வயசுன்னு யாருக்குத் தெரியும்? பெரிய மனுசங்க வயசை மட்டும் பாத்து நம்மளை அளந்தா, அவங்களுக்கு முன்னாடி நின்னவங்களையும் கூட நின்னவங்களையும் விட்டுட்டுக் கணக்குப் போடறோம்னு அர்த்தம்.

இன்னொண்ணு. அந்தப் பெரியாத்துத் தண்ணி கம்பம் பள்ளத்தாக்குல 14,707 ஏக்கருக்கு ரெண்டு போகம் நெல்லு விளைய வைக்குது. நம்ம பக்கம் அந்தத் தண்ணி வராது. நமக்கு மூல வைகை. வருசநாட்டு மலையில மழை பெஞ்சாத்தான் நமக்கு ஆறு, இல்லேன்னா வெறும் மணல். கம்பத்துக்காரியும் நானும் ஒரே நாள்ல விதைச்சாலும் ஒரே நாள்ல அறுக்க முடியுமா? அவ வரப்புல வாய்க்கால் ஓடுது. என் வரப்புல கானல் ஓடுது. அவ நெல்லைப் பாத்துட்டு, "நான் சோம்பேறி, எனக்குக் கையாலாகல"ன்னு நான் அழுதா அது புத்தியா?

மனுசருக்கும் அப்படித்தான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மா புதுக்கோட்டையில 1886-ல பொறந்தாங்க. 1912-ல டாக்டர் பட்டம் வாங்கிட்டாங்க. வயசு 26. நம்மில் பலருக்கு 26 வயசுல ரெண்டு பிள்ளை, ஒரு அடகுச்சீட்டு. அந்தம்மாவோட வாய்க்கால் எது? அப்பா காலேஜ் பிரின்சிபால். பையன்கள் படிக்கிற காலேஜுல இந்தப் பொண்ணைச் சேக்கப் புதுக்கோட்டை ராஜாவே அனுமதி கொடுத்தார். அவ்வளவு இருந்தும் சும்மா கிடைக்கல, ஊர்ப் பேச்சையெல்லாம் தாங்கித்தான் படிச்சாங்க. அதையும் மறக்கக் கூடாது. அதே அம்மா, தன் தங்கச்சி புற்றுநோயில இறந்ததை மனசுல வச்சிருந்து, அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியை 1954-லதான் தொடங்கினாங்க. அப்ப வயசு 67! 26-ஐ மட்டும் பாத்தா மனசு சுருங்குது. 67-ஐயும் சேத்துப் பாத்தா, "அடடா, எனக்கு இப்பத்தான் 52"ன்னு தெம்பு வருது.

சரி, வாய்க்காலே இல்லாதவங்க என்ன செய்யறது? மதுரைப் பக்கத்துல அழகர்கோவில் போற வழியில புல்லுசேரின்னு ஒரு ஊரு. அங்க கூலி வேலைக்குப் போய்க்கிட்டிருந்தவங்க சின்னப்பிள்ளை அம்மா. பள்ளிக்கூடம் போகாதவங்க. அவங்க களஞ்சியம் குழுவுல சேந்தாங்க, தலைவியானாங்க, கந்துவட்டிக்காரங்ககிட்ட இருந்து பெண்களை மீட்க ஊர் ஊராப் போனாங்க. டெல்லியில ஸ்திரீ சக்தி விருது கொடுக்கறப்ப, பிரதமரா இருந்த வாஜ்பாய் ஐயா குனிஞ்சு அவங்க காலைத் தொட்டார். 2019-ல பத்மஸ்ரீ கொடுத்தாங்க. படிப்பும் சொத்தும் அவங்களுக்கு இல்ல. குழுதான் அவங்களுக்கு வாய்க்கால். அந்த வாய்க்கால் நம்ம ஊர்லயும் ஓடுது, இந்தப் பந்தல்ல நாம உக்காந்திருக்கிறதே அதனாலதான்.

ஒப்பிட்டுப் பாக்காதீங்கன்னு நான் சொல்ல வரல. சொன்னாலும் மனசு கேக்காது. மனசுக்குள்ள ஒளிச்சு வச்சு ஒப்பிட்டா அது கடனா முடியுது, அதை நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். குழுவுல உக்காந்து வாயைத் தொறந்து ஒப்பிட்டா அது பாடமா முடியுது. என் மதினி கையில என்ன இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சிருந்தது, அது எப்படி வந்துச்சுன்னு கேக்கத் தெரியல. காதுகுத்து முடிஞ்ச மறுநாளே "எப்படி மதினி சமாளிச்ச?"ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, ஒத்திப் பத்திரத்தைக் காட்டியிருப்பா. என் மாடும் வந்திருக்கும்.

அந்தக் கூட்டத்துல எங்க குழு என்ன செஞ்சுச்சுன்னு கேட்டீங்கன்னா, புதுக் கடன் தரல. தந்திருந்தா மறுபடி முழுகியிருப்பேன். தீர்மான நோட்டுல "மாட்டுக் கடன்"னு இருந்ததை "விசேஷக் கடன்"னு உண்மையா மாத்தி எழுதினாங்க. கம்பெனிக் கடன் முடியற வரைக்கும் குழுத் தவணையைப் பாதியாக் கொறச்சாங்க. ஒரு வருஷத்துல கம்பெனிக் கடனைக் கட்டி முடிச்சேன். ரெண்டாம் வருஷம் நகையை மீட்டேன். அப்புறம்தான் மாட்டுக்குக் கடன் கேட்டேன். இந்தத் தடவை மாட்டை ஓட்டிட்டு வந்து பிரதிநிதி வீட்டு வாசல்லயே நிறுத்திக் காட்டிட்டேன்! மதினியும் தோப்பை மீட்டுட்டா.

அதுல இருந்து எங்க குழுவுல ஒரு பழக்கம். மாசக் கடைசிக் கூட்டத்துல ஒவ்வொருத்தரும், போன வருஷம் இந்நேரம் முடியாம இருந்து இப்ப முடியற ஒண்ணைச் சொல்லணும். அது நோட்டுல ஏறும். 61 வயசு அத்தாச்சி ஒருத்தர் பேத்திகிட்ட படிச்சுக் கையெழுத்துப் போடறாங்க, அது ஏறியிருக்கு. 29 வயசுத் தங்கச்சி பேங்க் மேனேஜர் முன்னாடி உக்காந்து பயப்படாமப் பேசினா, அதுவும் ஏறியிருக்கு. என் மதினி, "இந்த வருஷம் ஒரு விசேஷத்துக்கு மொய்யைக் கொறச்சு எழுதிட்டு நிம்மதியாத் தூங்கினேன்"னா. கைதட்டிட்டு அதையும் எழுதிக்கிட்டோம்.

உங்க குழுவுலயும் அடுத்த கூட்டத்துல இதைச் செஞ்சு பாருங்க. மனசை அரிக்கிற ஆள் யாருன்னு உங்களுக்குத் தெரியும். அவகிட்டயே போய் "எப்படிச் செஞ்ச?"ன்னு கேளுங்க. நல்ல வழியா இருந்தா கத்துக்கலாம். கடனா இருந்தா ரெண்டு பேருமாத் தப்பிக்கலாம்.

பென்னிகுவிக் ஐயா அணையை முடிச்ச வயசு வர எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் பாக்கி இருக்கு. நான் அணை கட்டப் போறதில்ல. ரெண்டாவது மாடு வாங்கப் போறேன். வாங்கினா நோட்டுல ஏறும், வந்து பாருங்க.